பெல்ட்டைப் பாட வைப்பவர்

என் சித்தப்பாவுக்குத் தெருவில் பாம்புச்செவி என்று பெயர். கார் மெக்கானிக். வண்டி வாசலில் திரும்பும்போதே, பட்டறைக் குழிக்குள் நின்றபடி, "இடது முன்சக்கரத்துல பேரிங் போச்சு" என்று சொல்லிவிடுவார் என்பார்கள். சொல்கிறவர்கள் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள். ஆனால் ஒருமுறை நானே பார்த்தேன். யாரோ ஒருவர் போனில் தன் வண்டியைப் பற்றி அழாத குறையாகப் பேசிக்கொண்டிருந்தார். "நீங்க பேசாதீங்க, போனை எஞ்சின்கிட்ட காட்டுங்க" என்றார் சித்தப்பா. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "அடியில ஒரு தகரம் தளர்ந்திருக்கு. ஒரே ஒரு ஸ்க்ரூ. நீங்களே முடுக்கிக்கலாம், வர வேண்டாம்" என்று வைத்துவிட்டார்.

"வர வேண்டாம்னு சொல்ற கடைக்காரர் ஊர்லயே நீங்க ஒருத்தர்தான்" என்றாள் சித்தி.

பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. மாடி அறையில் நான் தங்கியிருக்கிறேன். என் அலுவலகம் அங்கிருந்து நடந்து போகிற தூரம். பட்டறையின் பக்கவாட்டில் சித்திக்கு ஒரு சின்ன அறை உண்டு. அங்கே அவள் காருக்கு சீட் கவர் தைக்கிறாள். கனத்த ரெக்சினைத் தைக்கும் மிஷின் என்பதால் அது ஓடினால் சுவரில் மாட்டிய கத்தரிக்கோல்கூட ஆடும். சித்தப்பா ஒரு எஞ்சினைக் கேட்க வேண்டும் என்றால் முதலில் அந்த மிஷின் நிற்க வேண்டும். "மிஷினை நிறுத்து!" என்று குரல் வரும். சித்தி காலை எடுப்பாள். பிறகு "ம்" என்று ஒரு குரல். மறுபடி ஓடத் தொடங்கும். ஒரு நாளில் எத்தனை தடவை என்று கணக்கில்லை. அவர்களுடைய கல்யாண வாழ்க்கையில் பாதிப் பேச்சு இதுதான் என்று என் அம்மா கேலி செய்வார்.

சித்தப்பா வேலை கற்றது ஒரு லாரி டெப்போவில். அங்கே காற்றுத் துப்பாக்கி வைத்துச் சக்கரத்தின் நட்டுகளைக் கழற்றுவார்கள். நாள் முழுக்க அந்தச் சத்தம். யாரும் யாருக்கும் எதையும் விளக்கிச் சொல்ல முடியாது. கத்தினாலும் கேட்காது. அதனால் அவர் ஆட்களை விட்டுவிட்டு எஞ்சின்களைக் கேட்கப் பழகிக்கொண்டார். பட்டறையில் ரேடியோ வைத்துக்கொள்ள மாட்டார். மரப்பிடி போட்ட நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்று இருக்கிறது. முனையை எஞ்சினில் வைத்துப் பிடியைக் காதில் வைத்துக்கொள்வார், டாக்டர் மாதிரி. "கை எல்லாருக்கும்தான் இருக்கு" என்பது அவர் அடிக்கடி சொல்கிற வாக்கியம். மிச்சத்தைச் சொல்லாமல் காதைத் தொட்டுக் காட்டுவார்.

பெல்ட் மாட்டும் விதத்தில்தான் அவருடைய கர்வம் முழுவதும் இருந்தது. எஞ்சினின் முன்பக்கம் ஒரு ரப்பர் பெல்ட் ஓடும். பேட்டரிக்கு மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரையும், எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்ப்பையும் அதுதான் சுற்றுகிறது. புதிய வண்டிகளில் அது தளராமல் இழுத்துப் பிடிக்க ஸ்ப்ரிங் வைத்த உருளை உண்டு. பழைய வண்டிகளில் ஒரு போல்ட்டைத் திருகி மெக்கானிக்தான் இறுக்க வேண்டும். தளர்ந்தால் வழுக்கும், அதிகம் இறுகினால் பேரிங்குகளைத் தின்றுவிடும். மற்றவர்கள் பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார்கள். சித்தப்பாவுக்கு அது பிடிக்காது. "விரல் பொய் சொல்லும். ரப்பர் வெயிலுக்கு ஒண்ணு பேசும், குளிருக்கு ஒண்ணு பேசும்."

அவர் முறை வேறு. கொஞ்சம் இறுக்குவார், எஞ்சினை ஓட விட்டுக் கேட்பார், நிறுத்துவார், இன்னும் கொஞ்சம் இறுக்குவார். ஒரு கட்டத்தில் பெல்ட் மெல்லிசாகப் பாடத் தொடங்கும். கொசு தூரத்தில் பறக்கிற மாதிரி. அங்கே நிறுத்தி, அந்தப் பாட்டு அடங்குகிற அளவுக்கு மட்டும் தளர்த்துவார். "பாட வெச்சு, வாயை மூட வைக்கணும்." அப்படி மாட்டிய பெல்ட் ஆண்டுக்கணக்கில் உழைக்கும்.

எப்போதிருந்து என்று எனக்குச் சரியாகத் தெரியாது. வாசல் மணி அடித்தால் சித்தியே ஓடிப்போய்த் திறக்க ஆரம்பித்தாள். சித்தப்பாவின் போனில் மணிச்சத்தத்தை மாற்றி, தகர டப்பாவை உருட்டுகிற மாதிரி ஒன்றை வைத்துக்கொடுத்தாள். ஒரு நாள் சமையலறையில் மைக்ரோவேவ் வேலை முடிந்து கீச்கீச்சென்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அதன் மேல் கையை ஊன்றியபடி சித்தப்பா நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் சித்தியைப் பார்த்தேன். அவள் வந்து கதவைத் திறந்து மூடிவிட்டுப் போனாள்.

மாடிப்படியில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் அவளாகவே சொன்னாள்.

"இப்பல்லாம் மிஷினை நிறுத்தச் சொல்றதே இல்ல."

"டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகலாமே சித்தி."

"பாம்புச்செவியை எந்த டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறது? ஊர் சிரிக்காதா? அதுவும் இல்லாம, சொன்னா உடைஞ்சு போயிடுவாரு. இந்த வேலையை விட்டா அவருக்கு உட்காரக்கூடத் தெரியாது."

அது உண்மை. விடுமுறை நாளில்கூட அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டுக் கதவுக் கீலுக்காவது எண்ணெய் போட்டுக்கொண்டிருப்பார்.

இப்படி மூடி மூடி வைத்திருந்ததை உடைத்தவர் டிரைவிங் ஸ்கூல் டீச்சர்.

அவர் பத்துத் தெரு தள்ளி ஒரு கார் ஓட்டும் பள்ளி நடத்துகிறார். ஒரே கார், ஒரே டீச்சர். கார் பழையது, வாய் புதியது என்பாள் சித்தி. அந்த வாரம் வழக்கமான சர்வீசுக்கு வண்டி வந்திருந்தது. எண்ணெய் மாற்றி, ஃபில்டர்கள் மாற்றி, பிரேக் பேடு போட்டு, வெடிப்பு விட்டிருந்த பெல்ட்டைக் கழற்றிப் புது பெல்ட்டும் போட்டு அனுப்பியிருந்தார் சித்தப்பா. இரண்டு நாள் கழித்து டீச்சர் திரும்பி வந்தார். எஞ்சினை அணைக்காமலே இறங்கினார்.

"அண்ணே, என் வண்டியை என்ன பண்ணீங்க?"

"சர்வீஸ் பண்ணேன். ஏம்மா?"

"வீய்ங்னு கத்துது. எஞ்சின் திணறினா கியரை இறக்கு, இரைஞ்சா ஏத்துன்னு காதை வெச்சுத்தான் நான் சொல்லிக்குடுக்கறேன். இப்ப அது எந்நேரமும் இரையுது. நேத்து ஒரு பேங்க் ஆபீசர், நின்னுக்கிட்டு இருக்கற வண்டியில மூணாவது கியரைப் போட்டுட்டாரு. கேட்டா, 'நீங்கதானே மேடம் இரைஞ்சா ஏத்தச் சொன்னீங்க'ங்கறாரு."

சித்தப்பா சிரித்தார். கையைத் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறினார். டீச்சர் வழக்கம்போலப் பக்கத்து சீட்டில், தன் காலுக்கென்று வைத்திருக்கும் தனி பிரேக்கின் மேல் காலை வைத்து உட்கார்ந்தார். ஒரு சுற்றுப் போய் வந்தார்கள். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே அந்த இரைச்சல் எனக்குக் கேட்டது. மெல்லிய, உயர்ந்த, விடாத சத்தம். சனிக்கிழமை என்பதால் நான் வாசலில் நின்று செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். சித்தியின் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"ஒண்ணும் இல்லம்மா. புது பிரேக் பேடு. கொஞ்சம் ஓடினா படிஞ்சிடும்" என்றபடி இறங்கினார் சித்தப்பா.

"நின்னுக்கிட்டு இருக்கும்போது பிரேக் பேடு எதுக்குண்ணே கத்தணும்?"

சித்தப்பா யோசித்தார். பிறகு, பழக்க தோஷத்தில், எல்லா வாடிக்கையாளரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"நிக்கும்போதும் இருக்கா?"

டீச்சர் அவரையே பார்த்தார். எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"என்னண்ணே, இப்ப நின்னுக்கிட்டுத்தானே இருக்கு? பக்கத்துலயே நிக்கறீங்க. நானும் வழியெல்லாம் இந்தா கேளுங்க, இந்தா கேளுங்கன்னு சொல்லிக்கிட்டே வர்றேன், செவிடன் காதுல சங்கு ஊதின மாதிரி…"

உள்ளே மிஷின் நின்றது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

டீச்சருக்குத் தான் என்ன சொன்னோம் என்று அப்போதும் புரியவில்லை. சும்மா வாயில் வந்த பழமொழி. சித்தப்பாவின் முகம் மட்டும் மாறியிருந்தது. அவர் என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லும்மா. ஏதாவது சத்தம் இருக்கா?"

நான் வாயைத் திறப்பதற்குள் சித்தி வந்துவிட்டாள். உதட்டில் நூல், கையில் அளவுநாடா.

"அவளை எதுக்குக் கேக்கறீங்க? இருக்கு. அன்னிக்கு வண்டி இங்கிருந்து போகும்போதே அதோடதான் போச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

"உங்களுக்குக் கேட்டிருக்கும்னு நினைச்சேன்."

அது பொய் என்று மூன்று பேருக்குத் தெரியும். நாலாவது ஆளான டீச்சருக்கும் இப்போது மெல்லப் புரிய ஆரம்பித்தது. அவர் வாயை மூடிக்கொண்டார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

சித்தப்பா கோபப்படுவார், இல்லை உள்ளே போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் பானெட்டைத் திறந்து கம்பியை முட்டுக் கொடுத்து, டீச்சரை டிரைவர் சீட்டில் உட்காரச் சைகை காட்டினார். போனில் பேசுகிறவர்களிடம் கேட்கிற அதே குரலில், திரும்பாமல் கேட்டார்.

"ஆக்ஸிலேட்டர் குடுத்தா ஏறுதா?"

"ஏறுது" என்றாள் சித்தி.

"விட்டா?"

"இறங்குது. ஆனா நிக்கல."

"டீச்சரம்மா, கிளட்ச்சை அமுக்குங்க. மாறுதா?"

"அப்படியேதாண்ணே இருக்கு."

அப்படியானால் கியர்பாக்ஸ் இல்லை. நிற்கும்போதே கேட்பதால் டயரும் இல்லை. காற்று ஃபில்டரின் மூடியைக் கையால் அழுத்திப் பிடித்தார். "இப்ப?" மாறவில்லை. மூடி சரியாக உட்காராமல் காற்று சீட்டியடிப்பதும் இல்லை என்று அர்த்தம். ஸ்க்ரூடிரைவரை எடுத்து வந்தார். பழக்கத்தில் பிடி அவர் காது வரை போனது. பாதியில் நின்றது. அதைச் சித்தியின் பக்கம் நீட்டினார்.

"எண்ணெய்க் கறை" என்றாள் சித்தி.

"முந்தானையால துடைச்சுக்கோ."

"புதுப் புடவை."

"அப்ப என் சட்டையில துடை."

அவள் அவர் சட்டையிலேயே துடைத்துவிட்டு, பிடியைக் காதில் வைத்துக் குனிந்தாள். அவர் முனையை ஓடுகிற எஞ்சினில் இடம் மாற்றி மாற்றி வைத்தார். பெல்ட்டில் சிக்காமல் அவள் முந்தானையை இழுத்து நான் பின்னால் பிடித்துக்கொண்டேன்.

"இங்க?"

"மாவு மிஷின் மாதிரி. சாதாரணமா இருக்கு."

"இங்க?"

"கொஞ்சம்."

"இங்க?"

சித்தி சட்டென்று தலையை விலக்கினாள். "ஐயோ! உங்க தங்கச்சி போன்ல பேசற மாதிரி இருக்கு!"

டீச்சர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். முனை ஆல்டர்னேட்டரின் மேல் இருந்தது.

எஞ்சினை அணைத்தார். பெல்ட்டைக் கழற்றிக் கையில் மாட்டிக்கொண்டார். பெல்ட் இல்லாமலும் எஞ்சின் சிறிது நேரம் ஓடும். சூடாவதற்குள் அணைத்துவிட வேண்டும். இரைச்சல் பெல்ட் சுற்றும் ஏதோ ஒன்றிலிருந்து வருகிறதென்றால் அது இப்போது நிற்க வேண்டும். "ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார்.

எஞ்சின் ஓடியது. சித்தப்பா எஞ்சினைப் பார்க்கவில்லை. சித்தியின் முகத்தைப் பார்த்தார். பிறகு கண்ணாடிக்குப் பின்னால் இருந்த டீச்சரின் முகத்தை, பிறகு என் முகத்தை. பல்வலி விட்டது போல எங்கள் மூன்று பேர் முகமும் ஒரே நேரத்தில் இளகியிருக்க வேண்டும். எங்களுக்கு அது தெரியாது. அவருக்குத் தெரிந்தது. அப்படி ஒரு சத்தம் இருந்தது என்று அவர் அப்போதுதான் நம்பினார்.

"போதும்" என்றார்.

ஆல்டர்னேட்டரின் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார். பம்ப்பையும் அப்படியே. பேரிங்குகள் இன்னும் கெடவில்லை. கெட்டிருந்தது இறுக்கம் மட்டும்தான். பெல்ட்டைத் திரும்ப மாட்டினார்.

"நீ இங்க நில்லு" என்று சித்தியிடம் சொன்னார். "பாட ஆரம்பிச்சா கையைத் தூக்கு."

கொஞ்சம் இறுக்கினார், ஓட விட்டார், நிறுத்தினார். இன்னும் கொஞ்சம். டீச்சர் சாவியைத் திருப்பித் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். சித்தி கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். ஒரு தடவை ஓட விட்டபோது கை மேலே போனது. சித்தப்பா அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டார். ஆனால் நிற்கவில்லை. எஞ்சினை அணைக்கச் சொல்லி, மேலும் ஒரு சுற்று இறுக்கினார். பிறகு இன்னொரு சுற்று. ஓட விட்டுத் தன் காதைத் தாழ்த்தினார்.

"என்னங்க, கை தூக்கி எவ்வளவு நேரமாச்சு!"

"தெரியும். எனக்கு எங்க கேக்குதுன்னு பாக்கறேன்."

எங்கும் கேட்கவில்லை. இரைச்சல் எனக்குப் பல் கூசுகிற அளவுக்கு ஏறியிருந்தது. அவர் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். வலது காது, இடது காது. பிறகு எஞ்சினை அணைக்கச் சைகை காட்டினார். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு மட்கார்டில் சாய்ந்து நின்றார்.

அவர் செய்தது வேறு எந்த மெக்கானிக்கும் செய்யக்கூடிய தப்பு இல்லை. கட்டைவிரலை நம்புகிறவன் சரியான இடத்தில் நிறுத்தியிருப்பான். பாடட்டும் பாடட்டும் என்று காத்திருந்தவர் இவர் ஒருவர்தான்.

பிறகு சித்தியின் கை எழுந்த இடத்துக்குத் தளர்த்தி, அதற்கும் கீழே ஒரு நூலளவு வந்து, போல்ட்டை முடுக்கினார். எஞ்சின் ஓடியது. அடக்கமான, வழக்கமான ஓட்டம்.

"டீச்சரம்மா," என்றார் சித்தப்பா, "தப்பு என் மேலதான். எனக்கு மெல்லிசு சத்தம் கேக்கல. எவ்வளவு நாளா கேக்கலைன்னும் தெரியல."

டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு தன் இயல்புக்குத் திரும்பினார்.

"இவ்வளவுதானே? நானே கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான் கத்துக்குடுக்கறேன். அது இல்லைன்னா எதிர்ல வர்றது பஸ்ஸா எருமையான்னு தெரியாது. நான் சொன்னதை மனசுல வெச்சுக்காதீங்கண்ணே. வாய் சங்கு மாதிரி, ஊதிடுச்சு."

"சங்கு நல்லாத்தான் கேட்டுச்சு" என்றார் சித்தப்பா.

டீச்சர் போன பிறகு சித்தப்பா குழியின் விளிம்பில் உட்கார்ந்தார். ஆமாம், உட்கார்ந்தார். சித்தி டீ கொண்டுவந்து ஆற்றிப் பக்கத்தில் வைத்தாள்.

"வேற யார் யாருக்கு பெல்ட் போட்டேன்?" என்று கேட்டார்.

"இப்ப எதுக்கு அது? சத்தம் வந்தா அவங்களே வருவாங்க."

"வர்றதுக்குள்ள பம்ப் பேரிங் தேஞ்சு போயிடும். நடுரோட்டுல எஞ்சின் சூடாகி நிக்கும். குழந்தை குட்டியோட போறவங்க."

"போன் பண்ணி என்னன்னு சொல்லுவீங்க? பாம்புச்செவிக்குக் காது கேக்கலைன்னா? நாளைக்குத் தெரு முழுக்க அதுதான் பேச்சு. அப்புறம் யாரு வண்டி குடுப்பா?"

சித்தி இதைக் கோபமாகச் சொல்லவில்லை. மைக்ரோவேவ் கதவை ஓசையில்லாமல் திறந்து மூடியதும் போன் மணியை மாற்றியதும் இந்த ஒரு பயத்தால்தான். சித்தப்பா டீயைக் குடித்து முடித்தார். தம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

"குடுக்காட்டி உனக்கு சீட் கவர் வெட்டித் தர்றேன்."

"நீங்க வெட்டினா சீட்டுக்கு ரெண்டு கையும் ஒரு காலரும் இருக்கும்."

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே போனை எடுத்தார். பிறகு சித்தியைப் பார்த்து, "நாளையில இருந்து பெல்ட் மாத்தற வண்டிக்கு நீ வந்து நிக்கணும். கட்டைவிரலையும் வெச்சுப் பாக்கறேன். ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாத்தான் வண்டி வெளியே போகும்" என்றார்.

"டாக்டர்?"

"அதுவும்தான். திங்கக்கிழமை."

"நான் கூட வரணுமா?"

"நீ வராம? அவரு சொல்றது எனக்கு யாரு சொல்லுவா?"

சித்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள். பிறகு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தெந்த வண்டி என்று ஒவ்வொன்றாக நினைவுபடுத்தத் தொடங்கினாள். அவளுக்கு வண்டிகள் சீட் கவரின் நிறத்தில்தான் ஞாபகம் இருந்தன. சாம்பல் நிறம், ஓரத்தில் சிவப்பு நூல். பழுப்பு, பின்சீட்டில் கிழிசல். முதலில் பழுப்பு. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவருடையது, சித்தப்பாவைவிட மூத்தவர். ஸ்பீக்கரில் போட்டுத்தான் சித்தப்பா பேசுவார் என்பதால் எல்லாம் எங்களுக்கும் கேட்டது.

"ஐயா, நான்தான் பட்டறையில இருந்து. உங்க வண்டியைக் கொஞ்சம் கொண்டுவாங்க, பெல்ட்டைத் திரும்பப் பாக்கணும். காசு எதுவும் வேண்டாம்."

"ஏம்பா? வண்டி நல்லாத்தானே ஓடுது!"

"நான் அதிகமா இறுக்கிட்டேன் போல. வீய்ங்னு ஒரு சத்தம் இருக்கும்."

"சத்தமா? எனக்கு ஒண்ணும் கேக்கலையே!"

சித்தப்பா ஒரு கணம் போனைத் தள்ளிப் பிடித்து எங்களைப் பார்த்தார். பிறகு தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னார்:

"எனக்கும்தாங்க கேக்கல! அதனாலதான் வரச் சொல்றேன்!"